ஒரு எழுத்தும் மாற்றாத பாட்டு

மச்சாள்,

உமது தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டிருந்தார்கள்.

இன்று காலை கைப்பையைக் கொட்டித் துப்புரவு செய்தபோது அந்த அட்டை வெளியே வந்தது. பழைய மெட்ரோ டிக்கெட்டுகளுக்கும், கார்தெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் நான் பார்க்கும் ஏதோ ஒரு பிள்ளையின் ஒற்றைக் கையுறைக்கும் நடுவே மடிந்து கிடந்தது. உமது பாட்டுகளைக் கோயிலில் மறுபடி வெளியிடுவதற்காக அடித்துப் பார்த்த சீடி உறை. நீல வானம், இரண்டு புறா, ஒரு மெழுகுதிரி, நடுவில் நீர். பஸ் தரிப்பில் வேலைச் சப்பாத்தோடு நிற்கும் உமது பழைய படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். குளிரில் வெடித்திருந்த உதட்டைக்கூட வழுவழுப்பாக்கிவிட்டார்கள். கீழே, ‘சாந்தமே உருவான எங்கள் சகோதரி’ என்று எழுதியிருந்தது.

வேறு வீடு எடுத்துப் போகும்வரை உம்மோடு ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருந்தவள் நான். நீர் ஒருநாளும் சாந்தமாக இருந்ததில்லை. பஸ் சாரதியோடு சண்டை பிடித்தீர். வேலைத்தலத்து மேற்பார்வையாளரோடு சண்டை பிடித்தீர். கடவுளோடு நீர் பிடித்த சண்டைதான் எல்லாவற்றிலும் பெரியது, அதில்தான் பாட்டே வந்தது. நாங்கள் இருவரும் ஒரே வயதுக்காரர், நான் உம்மை ‘நீர்’ என்று மரியாதை குடுத்துத்தான் கதைத்தேன். நீர் கடவுளை ‘நீ’ என்றீர். கோயிலில் எல்லோரும் ‘நீர், உமது’ என்று செபிக்கும்போது உமது வாய் மட்டும் ‘நீ, உன்ர’ என்று முணுமுணுக்கும். பக்கத்தில் நிற்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

என் அண்ணையைக் கட்டி மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்தபோது உம்மிடம் ஒரு பெட்டியும் ஒரு கிற்றாரும் இருந்தன. கல்யாணம் கட்டி வந்த பெண் கிற்றார் வாசிப்பதைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் கொஞ்சம் திகைத்தார்கள். அண்ணை திகைக்கவில்லை. அவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்து, ஊர் அடங்கிய பிறகு வீட்டுக்கு வருகிறவர். நீர் பாடும்போது அவர் ஒன்றில் நித்திரை, இல்லையென்றால் வேலை. ‘நல்ல பாட்டுக்காரியைத்தான் கட்டினன், ஒருநாளும் கேக்கக் குடுத்துவைக்கேல்லை’ என்று பகிடி விடுவார்.

புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டும் வேலைக்கு நீர் போனீர். அங்கேதான் ரெஜானைக் கண்டீர். பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர், கியூபெக்காரர், நரைத்த குதிரைவால் தலைமயிர். வார இறுதிகளில் கன்ட்ரி பாட்டுக் குழு ஒன்றில் கிற்றார் வாசிப்பார். தன் வண்டியில் ஒரு சிறிய ரேடியோவைக் கட்டி வைத்திருந்தார். நாள் முழுக்க அதில் கன்ட்ரி பாட்டுத்தான். ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னீர்:

“மச்சாள், இது எங்கட ஒப்பாரி மாதிரித்தான். ஆனா இதில அழுகிறவன் பேந்து எழும்பி வேலைக்குப் போறான்.”

கன்ட்ரி பாட்டைப் பற்றி அதைவிடச் சரியாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ரெஜானிடம் உமக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இருந்தது. கியூபெக்காரருக்குக் கோபம் வந்தால் பீடத்துச் சாமான்களின் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம் எல்லாம் கெட்ட வார்த்தை. முதல்முறை ஒரு பெட்டி அவர் காலில் விழுந்தபோது அவர் சொன்ன வரிசையைக் கேட்டு நீர் சிலுவை அடையாளம் போட்டீராம். சில மாதங்கள் கழித்து அதே நீர், கோயிலுக்கே போகாத அந்த மனிதர் ஒரு நாளைக்குச் சொல்லுகிற அளவுக்கு நாங்கள் பூசையில்கூட அந்தப் பேர்களைச் சொல்வதில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர். பிறகு அதையே ஒரு பாட்டாக்கினீர்.

அப்படித்தான் உமது பாட்டுகள் வந்தன. வேலைச் சப்பாத்து கடிக்கிறது என்று ஒரு பாட்டு. ஞாயிறு பிரசங்கத்தில் தூங்கி விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒன்று. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் மீன்குழம்பு மணத்துக்குப் பக்கத்து மேசைக்காரி எழும்பிப் போனதையும், அடுத்த கிழமை அவளே ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றதையும் பாடி, கடைசியில் அந்த மேசையில் யேசுவும் இருந்தார் என்று முடித்த பாட்டு. நீர் முதற்குரல், நான் இரண்டாம் குரல். எனக்குத் தனியாகப் பாட வராது. நீர் ஒரு வரியை எடுத்தால், அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போக மட்டும் வரும்.

பிறகு உமது அம்மாவின் சங்கதி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மன்னாரிலிருந்து கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கொண்டுபோக ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். அந்தப் பாஸுக்காக நீர் ஒவ்வொரு விடியற்காலையும் பஸ் தரிப்பில் நின்று செபமாலை சொன்னீர். கையுறைக்குள் மணி உருட்ட முடியாது என்று, மைனஸ் இருபத்தைந்திலும் வெறுங்கையோடு. பாஸ் கிடைத்தது, அம்மாவை அடக்கம் செய்த மறுநாள். இரண்டு செய்தியும் ஒரே ரெலிபோனில், உமது மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தன. நீர் மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தீர். சப்பாத்தைக் கழற்றினீர். கிற்றாரை எடுத்தீர். பஸ்ஸிலேயே பாட்டு முழுவதும் வந்துவிட்டது என்றீர்.

பஸ்ஸும் பிந்தி வந்தது, பாஸும் பிந்தி வந்தது,
நீயும் பிந்தி வந்தாய், கடவுளே, நீயும் பிந்தி வந்தாய்.
வந்தது வந்தாய், வாசலில் நில்லாதே,
குளிருது, உள்ளே வா.

முதல்முறை கேட்டபோது எனக்கு இரண்டாம் குரல் வரவில்லை. நீர் என்னைப் பார்த்து, “அழுறதெண்டா சுதியில அழும், மச்சாள்,” என்றீர்.

லவாலில் ரெஜானின் வீட்டு நிலக்கீழ் அறையில், பலகைச் சுவருக்கும் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கும் இடையில், சனிக்கிழமைகளில் உமது ஒன்பது பாட்டுகளையும் பதிவு செய்தோம். ஒரு பாட்டில் மெசின் சுற்றுகிற சத்தம் கேட்கும். அழிக்கட்டோ என்று ரெஜான் கேட்டதற்கு, அது தாளத்தில்தான் சுற்றுகிறது, இருக்கட்டும் என்றீர். அந்தச் சீடிக்கு ‘வேலை நாள்’ என்று பேர் வைத்தீர். எங்கள் கோயில் மண்டபத்தில் வெளியிடக் கேட்டுப் போனோம்.

பங்குச் சபைத் தலைவர் ராசா அண்ணை எல்லாப் பாட்டையும் கேட்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை நீரே பல தடவை சொல்லியிருக்கிறீர். புதிதாக வந்த சனத்தை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தன் காரில் ஏற்றி இறக்குகிறவர். மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், கடவுள் பிந்தி வந்தார் என்று மட்டும் கோயிலுக்குள் பாட முடியாது என்றார். ‘பிந்தி’ என்ற இடத்தில் ‘முந்தி’ என்று போட்டால் மண்டபம் தரலாம், மெட்டும் கெடாது, ஒரு எழுத்துத்தானே என்றார்.

நீர் கொஞ்ச நேரம் யோசித்தீர். உண்மையாகவே யோசிக்கிறீர் என்று நானும் நினைத்தேன்.

“ஓம், ராசா அண்ணை. அப்ப நாளையில இருந்து உங்களை ரோசா அண்ணை எண்டு கூப்பிடவோ? ஒரு எழுத்துத்தானே.”

மண்டபம் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பண்டகசாலைச் சாப்பாட்டு அறையில் அது வெளிவந்தது. ரெஜான் மேற்பார்வையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு முன்னால் நீரும் நானும் நின்றோம். கெயிட்டிக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், கியூபெக்காரர், எங்கள் ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். தமிழ் தெரியாத மரி-றோஸ் என்ற கெயிட்டிப் பெண் ‘குளிருது, உள்ளே வா’ என்ற இடத்தில் கரண்டியை வைத்துவிட்டு ‘ஆமென்’ என்றாள். பாட்டின் அர்த்தம் என்ன என்று பிறகு வந்து கேட்டாள். நீர் உமது அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னீர். தன் நாட்டிலும் கடவுள் பிந்தித்தான் வருகிறவர் என்று அவள் சொன்னாள்.

மணி அடித்ததும் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். நீரும் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டி கட்டப் போய்விட்டீர். அதுதான் வெளியீட்டு விழா.

அதற்குப் பிறகு அந்தச் சீடி போன இடமெல்லாம் உமக்கே தெரியும். எங்கள் தெரு மூலைத் தெபனர் கடையில் பால் வாங்கப் போனால் கேட்கும். ராசா அண்ணையின் மனைவி தன் காரில் போட்டுக் கேட்கிறா என்று கேள்விப்பட்டு நீர் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தீர்.

வயிற்றில் நோய் வந்தபோது நீர் மாறிப்போவீர், பயந்து போய் ‘நீர்’ என்று செபிக்கத் தொடங்குவீர் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். கோயிலிலிருந்து கட்டிலைச் சுற்றி நின்று செபிக்க வந்தவர்களை நீர் மறிக்கவில்லை. அவர்கள் போன பிறகு, முகட்டைப் பார்த்து, “கேட்டனியோ? இந்த முறையாவது நேரத்துக்கு வா,” என்றீர். ரெஜான் வந்த அன்று, செபிக்கத் தெரியாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய அந்தக் கெட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக, மெல்ல மெல்லச் சொன்னார். பேழை, கிண்ணம், அப்பம். நீர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினீர். தாதி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உமது சவ அடக்கத்தில் பெட்டியைத் தூக்கியவர்களில் ராசா அண்ணையும் ஒருவர். அவர் அழுதது உண்மை. அதற்குப் பிறகு அண்ணையைத் தனியே விடாமல் கோயில் சனம் முறைவைத்துச் சாப்பாடு கொண்டு வந்ததும் உண்மை. அதனால்தான், முதலாம் ஆண்டுப் பூசையன்று ‘வேலை நாள்’ சீடியைக் கோயிலே மறுபடி வெளியிடப்போகிறது, அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தப்போகிறது என்று ராசா அண்ணை வந்து சொன்னபோது அண்ணை ஓம் என்றுவிட்டார். திருத்துவது எப்படி, பாடினவள் இல்லையே என்று நான் கேட்டேன். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“உன்ர குரலும் அவவின்ர குரலும் ஒண்டுமாதிரித்தானே, பிள்ளை. நீ அந்த ஒரு சொல்லைப் பாடிவிடன்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருந்தபோது உமக்கு மண்டபம் தராதவர்கள், நீர் வாய் திறக்க முடியாத நேரம் பார்த்து, என் வாயால் உமது சொல்லை மாற்றப் பார்த்தார்கள். முடியாது என்றேன். இரண்டு கிழமை அண்ணை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ரெலிபோனில் அழைத்து, கோயில் சனமும் வராமல் விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். போனேன்.

டவுன்டவுனில் டேனியல் என்ற சென்னைக்காரரின் வீடு. ஐடி கம்பெனியில் வேலை, பாட்டுப் பதிவில் பைத்தியம். ரெஜான் கொடுத்த பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். ராசா அண்ணை உறையின் மாதிரியை எனக்குத் தந்தது அங்கேதான். உமது ஒளிவட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றேன்.

“ஒரே ஒரு வார்த்தைதான் சிஸ்டர். கரெக்டா ஒட்டிடலாம், யாருக்கும் தெரியாது,” என்றார் டேனியல்.

காதில் உமது கிற்றார் வந்தது. பாடினேன். நீயும் பிந்தி வந்தாய்.

“சிஸ்டர், முந்தி.”

மறுபடி கிற்றார். நீயும் பிந்தி வந்தாய்.

மூன்றாவது முறையும் அப்படியே பாடினேன். டேனியல் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு ராசா அண்ணையைப் பார்த்தார். வாய் தடுமாறுகிறதோ என்று ராசா அண்ணை அக்கறையாகத்தான் கேட்டார்.

“தடுமாறேல்லை, ராசா அண்ணை. முந்தி வந்தவர் ஏன் வெளியில குளிரில நிக்கிறார்? அதை எனக்குச் சொல்லுங்கோ, பாடுறன்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. களைத்த குரலில், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், ஊரில் ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் கோயிலில் இருக்கினம், அவர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பினம் என்று கேட்டார். அது நல்ல கேள்வி, மச்சாள். அவர் அந்தச் சனத்தை நினைத்துத்தான் இவ்வளவு காலமும் மறித்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் என்னிடம் பதில் இருந்தது.

“அவையள் கேக்கட்டும் எண்டுதான் அவ பாடினவ.”

அதுவரை மூலையில் ஜக்கெட்டோடு இருந்த அண்ணை எழும்பி வந்தார். டேனியலிடம், மற்ற எல்லாவற்றையும் நிற்பாட்டி அவவின் குரலை மட்டும் போட முடியுமா என்று கேட்டார்.

டேனியல் ஏதோ அழுத்தினார். கிற்றார் போனது. என் குரல் போனது. நீர் மட்டும் தனியே இருந்தீர். மூச்சு எடுக்கிறது கேட்டது. சப்பாத்து நிலத்தில் தட்டுகிறது கேட்டது. ‘வந்தது வந்தாய், வாசலில் நில்லாதே’ என்றீர். பிறகு கிட்டத்தட்டப் பாட்டே இல்லாமல், கதைக்கிற மாதிரி, ‘குளிருது, உள்ளே வா’ என்றீர். கிற்றாரோடு எத்தனை தடவை கேட்டும் அந்த இடத்தில் நீர் பாடவில்லை, கூப்பிடுகிறீர் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அண்ணைக்குத் தெரிந்தது. அவர் வேலையால் வந்து படியில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டும்போது நித்திரைக் குரலில் நீர் உள்ளிருந்து கூப்பிடுவீராம். நான் ஒருநாளும் கேட்டதில்லை, அந்த நேரம் நான் நித்திரை.

“அது என்னைக் கூப்பிடுற குரல்,” என்றார் அண்ணை. “நான்தான் ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தனான்.”

பிறகு ராசா அண்ணையிடம், இதில் ஒன்றையும் தொட வேண்டாம், வெளியிட்டால் ஒன்பது பாட்டும் அப்படியே, இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்றார். அவர் சத்தம் போடவில்லை. உம்மைக் கட்டி இத்தனை வருடத்தில் நீர் அவருக்குப் பழக்க முடியாத ‘மாட்டேன்’ என்ற சொல்லை அந்தப் பத்து நிமிடத்தில் பழகிக்கொண்டார்.

கோயில் வெளியீடு நின்றுபோனது. சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். அண்ணை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தானே சமைக்கிறார். உணவகத்துக் குசினிக்காரர் என்றாலும் மீன்குழம்பு உமது மாதிரி வரவில்லை, புளி கூடிவிடுகிறது. பாடகர் குழுவில் இளம் பிள்ளைகளுக்கு இடம் விடுவோம் என்று என்னிடம் பக்குவமாகச் சொன்னார்கள். விட்டேன்.

ஆண்டுப் பூசை முடிந்து எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னோம். ரெஜான் கிற்றாரோடு வந்தார். மரி-றோஸ் வந்தாள். டேனியல் தன் மனைவியோடு வந்தார். ஒருவரும் கேட்காமலே ஒன்பது பாட்டையும் சீடியில் பிரதி எடுத்து ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தார், உறையில் பஸ் தரிப்பும் சப்பாத்தும் வெடித்த உதடும் இருந்தன. கோயில் சனத்தில் பாதிப் பேர் வந்தார்கள். ராசா அண்ணையின் மனைவி உள்ளே வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தா. அவர் வெளியே காருக்குள் என்ஜினை ஓடவிட்டபடி இருந்தார். அண்ணை ஒரு கோப்பை தேத்தண்ணியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார். ராசா அண்ணை கண்ணாடியை இறக்கி வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே வரவில்லை. கோபித்தும் போகவில்லை. பாட்டு முடியும்வரை கண்ணாடி இறக்கியபடியே இருந்தது என்று அண்ணை பிறகு சொன்னார்.

இப்போது நான் கோயிலில் சனத்தோடு சனமாக, தூணோரத்து வாங்கில் இருக்கிறேன். எல்லோரும் மெட்டைப் பாடும்போது என் வாய் அதைப் பாட மறுக்கிறது. நீர் நின்ற பக்கத்துக்குக் காதைக் கொடுத்து, மூன்று சுரம் கீழே, இரண்டாம் குரலைத்தான் பாடுகிறேன். பக்கத்தில் முதற்குரல் இல்லாமல் அது பிழையாகத்தான் கேட்கும். முன் வாங்கில் இருப்பவர்கள், சுதி தெரியாத இந்த மனிசி ஆர் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். போன ஞாயிறு ஒரு பிள்ளை தாயின் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தது.

சிரிக்கட்டும், மச்சாள். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன்.